நெஞ்சுவலிப் பரம்பரை

தேங்காய்ப்பால் விடாத சொதியை நீங்கள் குடித்திருக்கிறீர்களா? குடித்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் அடுப்பு மூட்டத் தெரிந்த எந்தப் பெண்ணும் அப்படியொரு பாவத்தைச் செய்யத் துணியமாட்டாள். புத்தூர் நவமணி துணிந்தாள். தாலி ஏறிய கிழமை முதல், இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக, மஞ்சள் தண்ணீரில் வெங்காயம் மிதப்பது போன்ற ஒன்றைக் காய்ச்சி, அதற்குச் சொதி என்று பெயர் வைத்து, தன் புருஷன் கேதீஸ்வரனின் கோப்பையில் ஊற்றினாள். அவரும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். அந்த மனிதர் ஏன் சுளிக்கவில்லை என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் அவள் மச்சாள் இரத்தினம்மாவின் வேலை. கேதீஸ்வரனின் மூத்த அக்கா. கலியாணம் முடிந்த கிழமையே நவமணியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இஞ்சை பார் நவமணி, எங்களைப் பெத்த அப்பு நெஞ்சுவலியிலை போனவர். என்ரை மூத்த தம்பி பஞ்சலிங்கமும் நெஞ்சுவலியிலைதான் போனவன். மிஞ்சி நிக்கிறது இவன் ஒருத்தன். தேங்காய், எண்ணெய் ஒண்டும் குடுத்துப்போடாதை. உன்னை நம்பித்தான் தாறன்."

உன்னை நம்பித்தான் தாறன்! அந்த வார்த்தைக்கு ஒரு பெண் கட்டுப்படாமல் வேறு எதற்குக் கட்டுப்படுவாள்?

இடப்பெயர்வுக் காலத்தில், புத்தூரிலிருந்து மூட்டை முடிச்சோடு கரவெட்டிக்கு ஓடிப்போன மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடமொன்றில் அடைந்து கிடந்த சனத்துக்கு லான்மாஸ்ரர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தில் தண்ணீர்ப் பீப்பாய் கட்டிக்கொண்டு வந்தவர்தான் கேதீஸ்வரன். திருநீற்றுக் கீற்றும் எண்ணெய்த் தலையுமாக அவர் தண்ணீர் ஊற்ற, நவமணி குடத்தை நீட்ட, குடம் நிறைந்து வழிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் கதை. ஊர் திரும்பியபோது அவளோடு அவரும் புத்தூருக்கு வந்துவிட்டார். லான்மாஸ்ரரும் வந்தது.

அவள் மனிதரை நேசித்தாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரோடு வாழ்வதென்பது, பிறேக் இல்லாத சைக்கிளில் பின்னாலிருந்து போவதுபோல.

கேதீஸ்வரனுக்கு முடிவு என்பது தும்மல் மாதிரி. வரும்வரைக்கும் தெரியாது. வந்தால் நிற்காது. விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் தனக்குக் கதிரை எடுத்துப் போடவில்லை என்று வீட்டுக்கு வந்து, லான்மாஸ்ரரை விற்கப்போவதாகச் சொன்னார். வெங்காய விலை விழப்போகிறது என்று யாரோ தேத்தண்ணிக் கடையில் சொன்னதைக் கேட்டுவந்து, குமிழ் பிடிக்காத வெங்காயத்தைப் பாத்தி பாத்தியாகப் பிடுங்கினார். இலை விழுகுது என்று அயல் வீட்டுக்காரி ஒரு சொல்லுச் சொன்னதற்காக, காய்த்துக் குலுங்கிய பலாமரத்தைத் தறித்தார். மரம் விழுந்தபிறகு அந்த அடிக்கட்டையில் குந்தியிருந்து பிள்ளைபோல அழுதவரும் அவர்தான்.

"தறிக்கேக்கை உங்களுக்கு மூளை எங்கையப்பா போனது?"

"அந்த நேரத்திலை வேறை ஒண்டும் தெரியேல்லை நவம். மரத்தைத் தறிச்சாத்தான் மூச்சு விடலாம் போலை கிடந்தது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பதில் அவள் மனதில் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நின்றது.

மறித்துச் சொன்னால் பிடிவாதம் கூடும். அழுதால் அவர் இன்னும் நொந்துபோவார். ஒருநாள், அவர் கிணற்று மோட்டரைக் கழற்றி விற்கப் புறப்பட்டபோது, வாயில் வந்த பொய்யொன்றைச் சொன்னாள்: "இண்டைக்குக் கரிநாளெல்லோ!"

மனிதர் அப்படியே நின்றார். "கரிநாளோ? அப்ப நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு அந்த எண்ணமே அவரிடம் இல்லை.

அன்றைக்கே நவமணி பஞ்சாங்கம் வாங்கினாள். ஒன்றல்ல, இரண்டு. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று. ஒரே சூரியன், ஒரே சந்திரன். ஆனால் சித்திரை வருடம்கூட இரண்டிலும் ஒரே நேரத்தில் பிறக்காது. அந்த இடைவெளிக்குள்தான் நவமணி குடும்பம் நடத்தினாள். வாக்கியத்தில் நல்லநாள் என்றால் திருக்கணிதத்தில் ஏதாவதொரு குற்றம் இருக்கும். இரண்டிலும் குற்றமில்லாவிட்டால் இராகுகாலம் இருக்கும். அதுவும் தப்பினால் அவர் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம் இருக்கும். தமிழரின் வானசாஸ்திரம் முழுவதும் ஒரு மெதடிஸ்தப் பெண்ணின் புருஷனைப் பிடித்து இருத்துவதற்காகவே ஏற்பட்டதோ என்னவோ!

மெதடிஸ்தக் கோயிலில் குசுகுசுப்பு எழும்பியது. ஒருநாள் போதகர் நேரே வந்துவிட்டார். வேதாகமத்துக்குப் பக்கத்தில் இரண்டு பஞ்சாங்கமும் கிடந்ததைப் பார்த்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சகோதரி, உதென்ன?"

"நான் உதுகளை நம்பிறேல்லை ஐயா. உது என்ரை மனிசனுக்குப் பிறேக்."

போதகர் மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நாள் பார்ப்பவர்களைப் பற்றி நீளமாகப் பேசினார். நவமணி முன்வரிசையில் இருந்து 'ஆமென்' சொன்னாள்.

இதெல்லாம் போதாதென்று இருதயக் கிளினிக். ஆறுமாதத்துக்கு ஒருமுறை கேதீஸ்வரன் சட்டையைக் கழற்றிப் படுக்க, நெஞ்சில் வயர்களைப் பூட்டிப் பார்ப்பார்கள். பார்க்கிற டொக்டர் ஒவ்வொருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ஐயாவின்ரை இருதயம் இருபது வயதுப் பெடியன்ரை மாதிரி இருக்கு." நவமணி பூரித்துப்போவாள். தன் சொதியின் மகிமை என்று நினைப்பாள். ஆனாலும் பரம்பரை நெஞ்சுவலி என்று கேட்டு, முன்னெச்சரிக்கைக்குக் குளிசையும் எழுதிக் கொடுத்து விடுவார்கள்.

போன கார்த்திகை மழை வெங்காயத்தை முழுதாக அழுகவைத்துப் போனது. கேதீஸ்வரன் அழவில்லை, ஏசவில்லை. யாரோடும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கிழமைக்கணக்காக ஒரு தும்மல்கூட இல்லை. சாப்பாட்டில் கைவைத்து எழும்பிவிடுவார். படுத்தால் கண் முழித்தபடி கிடப்பார். 'வயது போகப்போகப் புத்தி வந்திட்டுதாக்கும்' என்றுதான் நவமணி நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே எத்தனை தரம் பிறகு திட்டிக்கொண்டாளோ, அந்தக் கர்த்தருக்கே வெளிச்சம்.

தைமாதத்தில் ஒருநாள் காலை அவர் முகம் வழித்து, தோய்த்த சாரம் உடுத்து, குசினி வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிவு. அழகாகக்கூட இருந்தார்.

"நவம், கரவெட்டிக் காணியைப் பிள்ளையின்ரை பேரிலை எழுதுவம். நொத்தாரிசோடை கதைச்சிட்டன்."

"உதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அவசரமில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கத்தானே வேணும். லான்மாஸ்ரரையும் வாகீசனுக்குக் குடுத்திட்டன்."

நவமணியின் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. "என்ன, வித்துப்போட்டியளோ?"

"சும்மாதான். அவன் பாவம், பிள்ளைகுட்டிக்காரன்."

ஷெல் அடிக்கு நடுவில் தண்ணீர் இழுத்த லான்மாஸ்ரர். அவளை அவரிடம் கொண்டுவந்து சேர்த்த லான்மாஸ்ரர். அயல் தோட்டக்காரன் வாகீசனுக்குச் சும்மா கொடுத்தாராம்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. ஆனால் பழக்கதோஷம், கால் தானாகவே பஞ்சாங்கம் இருந்த மேசையை நோக்கிப் போனது.

"பொறுங்கோ, காணி எழுதுறதெண்டால் நாள் பாக்க வேணும்..."

"பாத்திட்டன்." அவர் சிரித்தார். "வாற வெள்ளிக்கிழமை. வாக்கியத்திலையும் நல்லநாள், திருக்கணிதத்திலையும் நல்லநாள். கரிநாளில்லை, சந்திராட்டமமில்லை. இவ்வளவு காலமும் நீ பாத்தாய். ஒருக்கா நான் பாத்தன்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். ஒரு குற்றம்கூட இல்லை. இத்தனை வருடமும் அடித்துப் பிடித்துச் சண்டைபோட்ட இரண்டு பஞ்சாங்கமும் அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் கைகோத்துக்கொண்டு நின்றன.

மகள் நிமலினிக்குப் போன் எடுத்தாள். யாழ்ப்பாண நகரத்தில் வங்கியில் வேலை. கலியாணமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்பா ஒரு நல்ல காரியம் செய்யப் பாக்கிறார். அதுக்கும் குறுக்கை நிக்கிறியளே அம்மா? அவர் என்ன செய்தாலும் உங்களுக்குப் பிழைதான்."

"பிள்ளை, அவர் சந்தோஷமாச் செய்யிறார். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"சந்தோஷமாயிருந்தாலும் பிழையோ!"

போனை வைத்துவிட்டாள். யாருக்குச் சொல்லி அழுவது? தனக்கே விளங்காத ஒன்றை மற்றவருக்கு எப்படி விளங்கவைப்பது?

வியாழக்கிழமை மதியத்தில், காணி எழுதும் விசேஷத்துக்கென்று இரத்தினம்மா கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஓட்ஸ் பெட்டி. தம்பியின் இருதயத்துக்கு நல்லதாம். கேதீஸ்வரன் தோட்டத்தில் நின்றார். நவமணி மச்சாளைக் குசினிக்குள் இருத்தி, ஆற்றாமை எல்லாவற்றையும் கொட்டினாள்.

"காணியை எழுதட்டும் மச்சாள், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. லான்மாஸ்ரரைத் தூக்கிச் சும்மா குடுத்திட்டார் உங்கடை தம்பி! கேட்டால் சிரிக்கிறார்."

ஓட்ஸ் பெட்டி இரத்தினம்மாவின் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"சும்மாவோ குடுத்தவன்? சிரிச்சவனோ? ஐயோ, அப்புவும் உப்பிடித்தான்..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன உப்பிடித்தான்?"

"ஒண்டுமில்லை."

"மச்சாள், என்னைப் பாருங்கோ. என்ன உப்பிடித்தான்?"

"அப்புவும் போறதுக்கு முதல் கிழமை காணியை எங்கடை பேரிலை எழுதினவர். மாட்டையும் வண்டிலையும் அயலுக்குச் சும்மா குடுத்தவர். பஞ்சலிங்கம் சைக்கிளைக் கழுவித் துடைச்சு..." இரத்தினம்மா குனிந்து ஓட்ஸ் பெட்டியை எடுத்தாள்.

நவமணி எழுந்து நின்றாள். "நெஞ்சுவலி வரப்போற ஆளுக்கு ஒரு கிழமைக்கு முதலே தெரியுமோ மச்சாள்? தந்தி அடிச்சுப்போட்டே வாறது நெஞ்சுவலி?"

அடுப்பில் நெருப்பு வெடித்தது. இரத்தினம்மா நிலத்தைப் பார்த்தபடி, யாரிடமோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"அது நெஞ்சுவலியில்லை நவமணி. ரெண்டு பேரும் தாங்களாத்தான் போனவை."

  நவமணிக்கு வந்தது அழுகையல்ல, எரிச்சல். காலடியிலிருந்து உச்சந்தலைவரை எரிந்த எரிச்சல்.

"இருபத்தைஞ்சு வருஷத்துக்கு மேலை! கர்த்தரே, இருபத்தைஞ்சு வருஷம் தேங்காயில்லாமல் சமைச்சனே! நோகாத நெஞ்சுக்கு வைத்தியம் பாத்து, நொந்த இடத்தைப் பாக்காமல் விட்டனே! நெஞ்சுவலியாம் நெஞ்சுவலி! உங்கடை வாயிலை உண்மை வராதோ?"

"நான் என்ன செய்ய? அப்பு போகேக்கை நான் கலியாணம் பேசியிருந்த குமர். உண்மையைச் சொன்னால் மாப்பிளை வீட்டார் திரும்பிப் பாப்பினமோ? நெஞ்சுவலி எண்டு சொல்லு எண்டு அம்மாதான் சொன்னவ. பஞ்சலிங்கம் போகேக்கை சண்டைக் காலம், செத்தவனுக்குக் காரணம் கேக்க ஆருக்கு நேரம்? இப்ப உன்ரை பிள்ளைக்குப் பேசிக்கொண்டிருக்கினம். இரத்தத்திலை வாற வருத்தம் எண்டு சனம் கதைக்காதோ?"

"இவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

நவமணி செருப்புப் போட மறந்து ஓடினாள். செம்மண் வரம்பில் கால் இடற இடற ஓடினாள். தோட்டக் கிணற்றடியில் கேதீஸ்வரன் மண்வெட்டியைக் கழுவி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு யாரோ பாவிக்கப்போகும் சாமானைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

இத்தனை வருடமும் நவமணி அவரைச் சுற்றி வளைத்துத்தான் மறித்தாள். கரிநாள், அட்டமி, நவமி. நேரே ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றைக்கு ஒளிய ஒரு பஞ்சாங்கம்கூட மிச்சமில்லை.

"இஞ்சாருங்கோ, செத்துப்போகவோ யோசிக்கிறியள்?"

சொல்லிவிட்டு அவளே நடுங்கிப்போனாள். அந்தச் சொல்லைச் சொன்னால் அது நடந்துவிடும் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்த பயம். ஆனால் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவருடைய கை மண்வெட்டியிலேயே நின்றது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"ஓம்."

அவள் பக்கத்தில் ஈரத்தில் அப்படியே இருந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேறை வழி தெரியேல்லை நவம். எல்லாப் பக்கமும் சுவராக் கிடக்கு. உது ஒண்டுதான் வாசல் மாதிரித் தெரியுது. முடிவெடுத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டனான்."

பலாமரம் தறித்த அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை! அன்றைக்குக் குத்தியது இன்றைக்கு விளங்கியது. ஐயோ, அப்பொழுதே விளங்கியிருக்கக் கூடாதா?

"எனக்கேன் சொல்லேல்லை? அப்பு எப்பிடிப் போனவரெண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? இவ்வளவு காலமும் அந்த நெஞ்சுக் குளிசையளை எப்பிடி விழுங்கினியள்?"

"அக்கா நெஞ்சுவலி எண்டு சொல்லிப்போட்டா. ஒருக்காச் சொன்ன பொய்க்கு மருந்து குடிக்காமல் என்ன செய்யிறது?"

அழுகைக்கு நடுவே நவமணிக்குச் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒரு மனிதரை ஆண்டவர் படைப்பாரா? அவருக்கும் வாய் கோணிச் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகி, அவள் தோளில் தலையைச் சாய்த்தார். அவள் விடவில்லை. ஓட்டோ வரும்வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

"எழும்புங்கோ. ஆசுப்பத்திரிக்குப் போறம்."

படலையடியில் இரத்தினம்மா கையைப் பிசைந்தாள். "இப்ப இராகுகாலமெல்லோ நவமணி, கொஞ்சம் பொறுத்து..."

நவமணி பார்த்த பார்வையில் இரத்தினம்மா மறுபேச்சின்றி ஓட்டோவுக்குள் ஏறினாள்.

மனநல மருத்துவப் பிரிவில் இருந்தது வசந்தினி என்ற இளம் டொக்டர். முதலில் கேதீஸ்வரனோடு தனியாக, அவசரப்படாமல் கதைத்தாள். பிறகு மற்றவர்களை உள்ளே கூப்பிட்டாள். செய்தி கேட்டு வங்கியிலிருந்து ஸ்கூட்டியில் பறந்துவந்த நிமலினி, தகப்பனின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா என்னட்டைக் கொஞ்சம் சொன்னவர். உங்களிட்டையும் கேக்கிறன். குடும்பத்திலை முந்தி ஆரும் எப்பிடி இறந்தவை?"

இரத்தினம்மா நிமிர்ந்தாள். "எங்கடை குடும்பத்திலை நெஞ்சுவலிதான் டொக்டர்."

"மச்சாள்!" நவமணி நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

பாவம், இரத்தினம்மா வேண்டுமென்று சொல்லவில்லை. நாக்கு பழகிவிட்டது. தானே சொன்னதைத் தானே கேட்டு விறைத்துப்போய் நின்றாள். பிறகு, ஆயுள் முழுவதும் கட்டிக் காத்த அணை உடைந்தது. தகப்பனைச் சொன்னாள். தம்பியைச் சொன்னாள். அவர்களுக்காக வாய்விட்டு அழக்கூட முடியாமல், வருகிறவர்களுக்கெல்லாம் 'நெஞ்சுவலி' என்று சொல்லிச் சொல்லி நின்ற செத்தவீட்டைச் சொன்னாள். அந்தக் கிழவியின் அழுகையைக் கண்டபோது நவமணியின் எரிச்சல்கூடக் கொஞ்சம் தணிந்தது. முழுதாக அல்ல, கொஞ்சம்.

"இருதயக் கிளினிக்கிலை இவ்வளவு வருஷமும் ஏனய்யா நீங்கள் சொல்லேல்லை?" என்று டொக்டர் கேட்டாள்.

"அவையள் நெஞ்சைப் பற்றித்தானே கேட்டவை."

நவமணி கூரையைப் பார்த்தாள்.

நிமலினிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.  "அப்ப இது பரம்பரையோ டொக்டர்? எனக்கும் வருமோ?"

"சாவு இரத்தத்திலை வாறதில்லை, தங்கச்சி," என்றாள் வசந்தினி. "சில குடும்பங்களிலை கூடக் காணுறம், அது உண்மை. ஆனால் இதுதான் எண்டு காட்ட ஒரு மரபணு இல்லை. சின்னச் சின்னதாக் கனக்க இருக்கு, ஒவ்வொண்டும் ஒரு துளி. சோதிச்சுச் சொல்ல ஒரு ரெஸ்ற்றும் இல்லை. வளர்ந்த விதம், பட்ட கஷ்டம், சண்டை, குடி எல்லாம் அதோடை சேரும். அப்பிடி வாறதிலை ஒண்டு, முடிவெடுக்கிற விதம். மனம் நொந்து போனால் சிலபேருக்குக் கண்ணுக்கு முன்னாலை நிக்கிற துன்பம் மட்டும் மலை மாதிரித் தெரியும். நாளைக்கு வரக்கூடிய நல்லதை நிறுத்துப் பாக்கிற தராசு அந்த நேரம் வேலை செய்யாது. இப்பவே முடிக்கோணும் எண்டு உந்தும்."

"பலாமரம்," என்றாள் நவமணி.

டொக்டருக்கு விளங்கவில்லை. நவமணி மரத்தைச் சொன்னாள், வெங்காயத்தைச் சொன்னாள், பஞ்சாங்கம் இரண்டையும் சொன்னாள். வசந்தினி சிரித்துவிட்டாள்.

"நல்ல வேலைதான் பாத்திருக்கிறியள் அம்மா. அந்த உந்துதல் அலை மாதிரி. வரும், போகும். அது போகுமட்டும் ஆள் தனிய நிக்கக்கூடாது, ஆபத்தான சாமான் ஒண்டும் கைக்கெட்டவும் கூடாது. அவ்வளவு காலமும் நீங்கள் நேரத்தைத்தான் வாங்கிக் குடுத்திருக்கிறியள். ஆனால் பஞ்சாங்கம் ஆளிட்டை ஒண்டும் கேக்காது. இண்டைக்குக் கேட்டியளே, அதை முந்தியே ஆரும் கேட்டிருக்க வேணும். தங்கச்சி, உங்களுக்கும் இதுதான். வருமெண்டு பயந்து வாழத் தேவையில்லை. மனம் நொந்தால் ஒளிக்காமல் கதைக்கத் தெரிஞ்சாக் காணும். ஐயா சொன்ன அந்த வாசலுக்கு இஞ்சாலை நாங்கள் இருக்கிறம்."

ஒரே நாளில் கேதீஸ்வரன் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பச்சைப் பொய். இந்தக் குடும்பத்தில் பொய் ஏற்கெனவே போதும். கொஞ்சக் காலம் வார்டில் இருந்தார். மருந்து முதலில் தூக்கத்தைக் கொடுத்தது, பிறகு பசியைக் கொடுத்தது, அதற்கும் பிறகுதான் மனிதரைக் கொடுத்தது. இடையில் ஒருமுறை பின்னுக்கும் போனார். திரும்பவும் போய் டொக்டரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காணி எழுதவில்லை. நொத்தாரிசு போன் எடுத்தபோது, "நாள் சரியில்லை" என்று நவமணி சொன்னாள்.

வாகீசன் தானாகவே லான்மாஸ்ரரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டான். "அண்ணை, உது என்னட்டை ஸ்ராட் வருகுதேயில்லை. உங்கடை உதைதான் உதுக்குச் சரி."

மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். பயற்றம் பணியாரம் கடித்தபடி, மாப்பிள்ளையின் தாய் வழக்கமான விசாரணையைத் தொடங்கினாள். பிள்ளையின் அப்பப்பா என்ன வருத்தத்தில் போனவர்? இரத்தினம்மா வாயைத் திறந்தாள். நவமணி அவள் காலில் மிதித்தாள். அதற்குள் கேதீஸ்வரனே சொல்லிவிட்டார், ஒளிக்காமல், அடுத்த நாள் மழை வரும் என்று சொல்வதுபோல. தானும் மருந்து எடுப்பதைச் சொன்னார்.

பணியாரம் பாதியில் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று இரத்தினம்மா கண்ணை மூடினாள்.

மாப்பிள்ளையின் தாய் நவமணியின் பக்கம் சாய்ந்து, மெல்லச் சொன்னாள். "எங்கடை வீட்டிலையும் அப்பிடி ஒரு நெஞ்சுவலி இருந்தது."

ஆக, ஊர் முழுக்க நெஞ்சுவலி! நவமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் தேங்காய்ப்பாலில்லாத சொதி காய்ச்சுகிறார்களோ!

போன கிழமை நடந்தது இது. நவமணி தேங்காய்க் கட்டிப்பாலை ஊற்றிச் சொதியை இறக்கப்போகிற சமயம். சங்கத்துக் கூட்டத்திலிருந்து கேதீஸ்வரன் முகமெல்லாம் சிவந்து வந்தார். மூச்சு வாங்கியது. யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களாம். சைக்கிளைச் சுவரில் எறிந்தார்.

"நான் உந்தச் சங்கத்தை விடுறன். தோட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். லான்மாஸ்ரரை இண்டைக்கே..."

நவமணி அகப்பையோடு திரும்பினாள். தொடங்கியாச்சு! கர்த்தரே, ஒரு நாளைக்கு ஒரு சொதியை நிம்மதியாக இறக்க விடமாட்டாரா இந்த மனிதர்?

அவர் குசினி வாசலில் நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டார்.  கண்ணை மூடி, திறந்து, அவளைப் பார்த்தார்.

"நவம், அந்த ரெண்டு புத்தகத்தையும் எடுத்துப் பார்."

அவள் அடுப்பை விட்டு வந்து, கைத்துணியில் கையைத் துடைத்து, இரண்டையும் விரித்துப் பார்த்தாள். வாக்கியத்தைப் பார்த்தாள். திருக்கணிதத்தைப் பார்த்தாள். இனி இந்த வீட்டில் பொய் சொல்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தாள், பாவி.

"இண்டைக்கு ரெண்டிலையும் நல்லநாள்தான் அப்பா."

கேதீஸ்வரன் வாசற்படியில் குந்தினார். தலையை அவள் பக்கம் சாய்த்தார்.

"இன்னொருக்கா வடிவாப் பார்," என்றார். "எங்கையாவது ஒரு கரிநாள் கிடக்கும். ஆறுதலாத் தேடு. நான் இஞ்சையே இருக்கிறன்."

அவள் அவர் பக்கத்தில் படியில் இருந்து, முதலாம் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினாள். பின்னால் சொதி பொங்கி, திரைந்து, அடுப்பில் வழிந்து நாறியது.

"போச்சு," என்றாள் நவமணி எரிச்சலோடு. ஆனால் எழும்பவில்லை.